மயானப் பாதையில் ஐந்து நாட்டு அரசாங்கம்

உரைபெயர்ப்பு எப்படிச் செய்யிறதுன்னு சொல்லித்தர நான் வரல. ஹெட்போனை எப்படி மாட்டுறது, பக்கத்துல உட்கார்ந்து காதுல எப்படி முணுமுணுக்கிறதுன்னு புதுசா வந்திருக்கிற உங்களுக்கு ஏற்கனவே வகுப்பு எடுத்திருப்பாங்க. நான் பேச வந்தது வேற விசயம். இருபது வருசத்துக்கு மேல என் வாயை வாடகைக்கு விட்டுப் பொழைச்சவ நான். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல, தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீட்டுல பொறந்து, தமிழை வீட்டுலயும், சிங்களத்தைக் கடைத்தெருவுலயும், இங்கிலீஷை இஸ்கூல்ல அடி வாங்கியும் படிச்சதால, தெற்காசிய நாட்டு அரசாங்கங்களை ஒப்பிட்டுப் பாக்கிறோம்னு யார் எங்க கூட்டம் போட்டாலும் என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. காத்மாண்டு, டாக்கா, டெல்லி, மாலே எல்லாம் பாத்தாச்சு. பாத்தது பூராவும் ஹோட்டல் மண்டபம்தான்.

அத்தனை கூட்டத்துலயும் உட்கார்ந்து நான் கத்துக்கிட்ட அரசியல் விஞ்ஞானம் கொஞ்சம்தான். ஒவ்வொரு அரசாங்கமும் "முடியாது"ங்கிறதை எப்படிச் சொல்லுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்தியாக்காரர் "அது மாநிலத்தோட விசயம்"பார். மாநிலத்துக்காரரைக் கேட்டா "மத்தியில இருந்து இன்னும் வரல"ம்பார். பங்களாதேஷ்ல ஒற்றையாட்சி, அதனால எல்லாரும் மேல ஒரே திசையில கை காட்டுவாங்க, கேட்கிறவனுக்குக் கழுத்து வலி மிச்சம். நேபாளத்துல புது அரசியலமைப்பு வந்து மூணு அடுக்கு வச்சிட்டாங்க, மூணும் ஒண்ணை ஒண்ணு பாத்து "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க"ன்னு மரியாதை பண்ணிக்கிட்டு இருக்கும். மாலைதீவுல தீவுச் சபைத் தலைவர் உங்க பக்கத்து வீட்டுக்காரராத்தான் இருப்பார், முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மனசு வராம டீ குடுத்து அனுப்புவார். நம்ம நாட்டுக்கு மாகாண சபைன்னு ஒண்ணு இருக்கு, தேர்தலே இல்லாம வருசக் கணக்கா ஓடுது. அதைப் பத்திக் கேட்டா ஒரு குழு போட்டுருவாங்க. இது எல்லாத்தையும் மூணு மொழியில மாத்தி மாத்திச் சொல்லித்தான் நான் வீடு கட்டினேன், அதனால ரொம்பவும் குறை சொல்லக் கூடாது.

ஓய்வு பெறுறதுக்கு முந்தின வருசம் நடந்ததை மட்டும் சொல்றேன். கித்துல்கலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், பேரு வேணாம். தோட்டத்து மண்டபத்துல கூட்டம். "தோட்ட மக்களும் உள்ளூராட்சியும், ஒரு பிராந்திய ஒப்பீடு"ன்னு பெரிய பேனர். வெளிநாட்டுல இருந்து நாலு பேர் வந்திருந்தாங்க. தலைமை தாங்கினவர் டெல்லிப் பேராசிரியர். அவர்கூட நேபாளத்துல ஒரு நகரசபையோட துணை மேயரம்மா, சில்ஹெட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கத்துல இருந்து வந்த பங்களாதேஷ் அதிகாரி ஒருத்தர், மாலைதீவுத் தீவுச் சபைக்காரர் ஒருத்தர். நம்ம தரப்புல, ஊர் நிர்வாகத்தைப் பாக்கிற பிரதேச சபையோட தலைவரான தவிசாளரும் தோட்டத்து துரையும். துரைன்னா வெள்ளைக்காரன் இல்ல, தோட்ட மேனேஜரை இன்னும் நாங்க அப்படித்தான் சொல்றோம். இவர் முப்பது வயசு தாண்டாத சிங்களப் பொடியன், நல்லா ஷேவ் பண்ணி நல்லா வாசம் அடிப்பார்.

பேராசிரியர் பேச ஆரம்பிச்சதும் மலைக்குக் கீழ லயத்துல இருந்து தப்புச் சத்தம் கேட்டுச்சு. அவர் பேச்சை நிறுத்திட்டு, காலால தாளம் போட்டு, "எவ்வளவு அன்பான வரவேற்பு, என் நன்றியை அவங்களுக்குச் சொல்லுங்க"ன்னார்.

"சார், அது சாவு மேளம்"னேன்.

உடனே முகத்தை எப்படி வச்சிக்கிறதுன்னு அவருக்குத் தெரியல. காலைத்தான் முதல்ல நிறுத்தினார். அப்பறம் எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் மௌன அஞ்சலி. அது முடிஞ்சதும் விட்ட இடத்துல இருந்து ஒற்றையாட்சியைப் பத்திப் பேச்சு தொடர்ந்துச்சு.

கொஞ்ச நேரத்துல ஒரு பொம்பளை மண்டபத்துக்குள்ள வந்தா. தலை முடியாம, ஈரச் சேலையோட. பேரு செல்வராணி. அதே தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவ, நாப்பது வயசு இருக்கும். முந்தின நாள் செத்தது அவ அப்பா. வாசல்ல நின்ன ரெண்டு பேர் அவளைத் தடுக்கப் பாத்தாங்க, அவ நிக்கல. நேரா என்கிட்ட வந்தா. மண்டபத்துல தமிழ் முகம் என்னோடது ஒண்ணுதான் இருந்துச்சு.

"அக்கா, இவங்கள்ல யாரு பெரியவங்க?"

இருபது வருசமா நானும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். அதைச் சொல்லாம, "என்ன வேணும் தங்கச்சி, சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்றேன்"னேன்.

அவ சொன்னது இதுதான். மயானம் மலைக்கு அந்தப் பக்கம். லயத்துல இருந்து அதுக்கு ஒரே ஒரு பாதை, ரப்பர் மரத்துக்கு ஊடால. அந்தத் துண்டு நிலத்தைத் தோட்டம் ஒரு ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விட்டுருச்சு. ஆத்துல ரப்பர் படகு ஓட்ட வர்றவங்க தங்குறதுக்கு அங்க குடில் கட்டுறாங்க. பாதையில இரும்புக் கேட் போட்டு, பூட்டி, ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்காங்க. காலையில குழி வெட்டப் போனவங்களைக் கூட உள்ள விடல. தோட்டத்துல கேட்டா ஹோட்டலைக் கேளுங்கிறாங்க. ஹோட்டல்ல கேட்டா கொழும்பைக் கேளுங்கிறாங்க. சபையில கேட்டா அது தோட்டத்து விசயம்ங்கிறாங்க. இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அப்பாவை அடக்கம் பண்ணணும்.

நான் சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் சொன்னேன். துரை ரொம்பவும் வருத்தப்பட்டார். அந்தத் துண்டு இப்ப தோட்டத்துக் கையில இல்லைன்னார். தவிசாளரும் ரொம்பவும் வருத்தப்பட்டார். அந்தப் பாதை சபைகிட்ட ஒப்படைக்கப்படல, தாங்க தலையிட ஏலாதுன்னார். முந்தி சட்டம் சபையைத் தோட்டத்துக்குள்ளயே விடல. இப்ப சட்டத்தைத் திருத்தி, செய்யலாம்னு போட்டிருக்காங்க. செய்யணும்னு போடல, அதுதான் தவிசாளருக்கு வசதி.

இதைக் கேட்டதும் வெளிநாட்டுக்காரங்களுக்கு முகத்துல ஒரு வெளிச்சம். கண்ணு முன்னால ஒரு உதாரணம் கிடைச்சிருச்சு இல்லையா. பேராசிரியர், இந்தியாவுல இது பஞ்சாயத்து அதிகாரத்துல வரும்னார், ஆனா தோட்டம்னா தோட்டச் சட்டப்படி முதலாளிதான் பொறுப்புன்னார், ஆனா அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்னார். துணை மேயரம்மா, எங்க நாட்டுல நகரசபையே தீர்மானம் எடுத்துரும்னு சொன்னாங்க. மாலைதீவுக்காரர் எங்க தீவுல மயானத்துக்கு நடந்து போற தூரமே கிடையாதுன்னார். சில்ஹெட்டுக்காரர் மட்டும், "எங்க பக்கமும் இதே கேட்தான்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

செல்வராணி என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. "எல்லாரும் இவ்வளவு நேரம் என்ன சொல்றாங்க அக்கா?"

"இந்தியாவுல இதைப் பஞ்சாயத்துப் பாக்குமாம். நேபாளத்துல நகரசபை பாக்குமாம்."

"அப்ப அங்க கொண்டு போய்ப் பொதைக்கச் சொல்றாங்களா?"

பிள்ளைகளா, உங்க தொழில்ல இப்படி ஒரு வினாடி அடிக்கடி வரும். சொன்னதை அப்படியே சொல்லணுமா, மெருகு போட்டுச் சொல்லணுமான்னு நாக்கு தடுமாறும். மெருகு போடாதீங்க. நான் அவ கேட்டதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன், சிங்களத்துலயும் சொன்னேன். யாரும் சிரிக்கல. மாலைதீவுக்காரர் குனிஞ்சு தன் கால் சப்பாத்தைப் பாத்தார். கடைசியில பேராசிரியர், சாயந்தரம் கேட் இருக்கிற இடத்துக்கு எல்லாரும் போய்ப் பாக்கலாம், நல்ல ஃபீல்ட் விசிட்டா இருக்கும்னு முடிவு பண்ணினார். அன்னிக்கு அந்த மண்டபத்துல எடுத்த ஒரே முடிவு அது.

சாயந்தரம் பாடையை எடுத்தாங்க. எங்க பக்கம் பொம்பளைங்க வழக்கமா லய முனையோட நின்னுருவோம், மயானத்துக்குப் போறதில்ல. அன்னிக்குக் கேட்ல என்ன நடக்குமோன்னு பொம்பளைங்களும் கேட் வரைக்கும் நடந்தாங்க. முன்னால தப்பு, அப்பறம் செல்வராணியோட தம்பி கொள்ளிச் சட்டியோட, அப்பறம் பாடை. தோள்ல மம்பட்டியும், அலவாங்குன்னு நாங்க சொல்ற கடப்பாரையும் வச்சுக்கிட்டு குழி வெட்டுறவங்க நாலு பேர். எல்லாருக்கும் பின்னால குடை பிடிச்சுக்கிட்டு அஞ்சு நாட்டு அரசாங்கம். செத்தவருக்கு இப்படி ஒரு மரியாதை உயிரோட இருந்தப்ப யாரும் குடுக்கல.

கேட் பூட்டியிருந்துச்சு. காவல்காரப் பொடியன் சாவி என்கிட்ட இருக்கு, உத்தரவு இல்லைன்னான். துரை போனை எடுத்து ஹோட்டல்காரருக்கு அடிச்சார், சிக்னல் இல்லன்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்க இங்க நடந்தார். தவிசாளர் இது தனக்குச் சம்பந்தமில்லாத இடம்ங்கிற மாதிரி மரத்தை எல்லாம் பாத்துக்கிட்டு நின்னார்.

பாடையைக் கீழ இறக்கி வச்சாங்க. எடுத்த பாடை வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது, அது உங்களுக்குத் தெரியும். வாசலைத் தாண்டினதுமே அங்க வீட்டைக் கழுவி விட்டுட்டாங்க. திரும்பிப் போக வீடு கிடையாது, முன்னால போக வழி கிடையாது. பொடியன்மாரு நாலஞ்சு பேர் கேட்டை ஒடைக்கக் கல்லைத் தூக்கிட்டாங்க.

செல்வராணி அவங்களை மறிச்சா. "கல்லைப் போடுங்கடா. ஒடைச்சா பொலிஸ் வரும், உங்களைத்தான் தூக்கிட்டுப் போவான். கோர்ட்டு கோர்ட்டா யாரு அலையிறது? நாளைக்கு அவங்க இதை விடப் பெரிய பூட்டாப் போடுவாங்க."

அப்பறம் குழி வெட்டுறவங்களைப் பாத்தா. "மாமா, இங்கயே தோண்டுங்க."

அவ மாமா அலவாங்கைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சார். "என்னம்மா சொல்ற?"

"கேட்டுக்கு முன்னாலயே தோண்டுங்க. அப்பா காலம் பூரா பால் வாளியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பாதையிலதானே நடந்தாரு. இங்கயே படுத்துக்கட்டும்."

மாமா ஒரு தரம் பாடையைப் பாத்தார், ஒரு தரம் அவளைப் பாத்தார். அலவாங்கை ஓங்கிப் போட்டார். மண்ணு மழையில ஊறி இருந்துச்சு, சுலபமா இறங்குச்சு. அடுத்தவர் மம்பட்டியைப் போட்டார்.

அப்பத்தான் அரசாங்கம் உயிர் பெத்துச்சு. காலையில இருந்து யாருக்கும் அதிகாரம் இல்லாத அந்தப் பாதையில ரெண்டு கூடை மண்ணு வெளிய வர்றதுக்குள்ள அத்தனை பேருக்கும் அதிகாரம் வந்துருச்சு. துரை போனைச் சட்டைப் பையில போட்டுட்டு ஓடி வந்தார். இது தோட்டத்து நிலம், தோட்டத்து அனுமதி இல்லாம ஒரு குழி வெட்ட முடியாதுன்னார். காவல்காரன் இது ஹோட்டல் வாசல்னான். தவிசாளர் குடையைத் தூக்கி எறிஞ்சிட்டு எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னால வந்தார். "நவத்தன்ன, நவத்தன்ன. மேக்க சபாவே பாற." நிறுத்துங்க, இது சபையோட ரோடுன்னு அர்த்தம். பொது ரோட்டுல பிணத்தைப் பொதைக்க யாருக்கும் உரிமை இல்லைன்னு கத்தினார்.

இங்கதான் நீங்க கவனமாக் கேட்கணும். நம்ம தொழில்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்ல. நம்ம கருத்தைச் சொல்லக் கூடாது, ஒருத்தருக்குப் பரிஞ்சு பேசக் கூடாது, கோவப்படக் கூடாது. ஆனா எல்லா நாட்டுலயும் எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே ஒரு அதிகாரம் நமக்கு இருக்கு. விளங்காததைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம்.

"தவிசாளர் ஐயா, சத்தத்துல சரியா விளங்கல"ன்னேன் சிங்களத்துல, ரொம்பவும் பணிவா. "வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்குத் தப்பாச் சொல்லிறக் கூடாது. தயவுசெய்து திரும்ப ஒரு தரம் சொல்லுங்க."

பேராசிரியர் வீடியோ எடுக்கக் கேமராவைத் தூக்கிப் பிடிச்சிருந்தார். தவிசாளர் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டார். நெஞ்சை நிமித்தி, அடுத்த தேர்தலுக்குப் பேசுற குரல்ல சொன்னார். "இது பிரதேச சபைக்குச் சொந்தமான பொது ரோடு. இதைத் தோண்டவோ மறிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை."

நான் அதைத் தமிழ்ல சொன்னேன். காதுல முணுமுணுக்கல. கூட்டத்துல கடைசியா நின்னவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பறம் இங்கிலீஷ்லயும் அதே சத்தத்துல.

செல்வராணி மம்பட்டிக்காரங்களைக் கையைக் காட்டி நிறுத்தினா. "அக்கா, இதைக் கேட்டுச் சொல்லுங்க. சபை ரோட்டை மறிச்சு இந்தக் கேட்டைப் போட்டது யாரு?"

துரை என் பக்கத்துல வந்து, "மிஸ், அதை அவருக்குச் சொல்ல வேணாம்"னு சிங்களத்துல மெதுவாச் சொன்னார்.

நமக்கு ஒருத்தர் பேசுறதைத் தேர்ந்தெடுத்துச் சொல்ற பழக்கம் கிடையாது. பேசினது எல்லாத்தையும் சொல்லணும். அதனால முதல்ல செல்வராணி கேட்டதைச் சொன்னேன். அடுத்து, "இதைச் சொல்ல வேணாம்னு துரை சொல்றார்"னு மூணு மொழியிலயும் சொன்னேன். துரையோட காது சிவந்து போச்சு. அவர் அவசர அவசரமா, குத்தகையில நிலம்தான் சேரும், பாதை சேராது, பாதை எப்பவும் தோட்டத்தோடதுதான், கேட்டைத் தோட்டம் போடலன்னார். அது இன்னும் நல்லதாப் போச்சு. இப்ப பாதைக்கு ரெண்டு சொந்தக்காரங்க, கேட்டுக்குப் பொறுப்பு ஏத்துக்க ஒருத்தரும் இல்ல.

துரை முந்திக்கிட்டா தன் ரோடு கை விட்டுப் போயிருமேன்னு தவிசாளர் காவல்காரனைப் பாத்துக் கையை நீட்டினார். "அரின்ன." திறன்னார். பொடியன் திறந்தான். அவர் அதோட நிறுத்தியிருந்தா நல்ல மனுசனா வீட்டுக்குப் போயிருப்பார். "அத விதறய்"னு சேத்துச் சொன்னார்.

"இன்னிக்கு மட்டும்ங்கிறார்"னு நான் சொன்னேன்.

கேட் திறந்து கெடக்கு. பாடையைத் தூக்கக் குனிஞ்சவங்களைச் செல்வராணி நிறுத்திட்டா. வானம் கறுத்துக்கிட்டு வருது, தம்பி கையில இருந்த சட்டியில தீ அணையப் போகுது. அவ இன்னும் பொழுது நெறைய இருக்கிற மாதிரி நின்னா.

"அப்ப நாளைக்குச் சாகுறவங்க எங்க போறதுன்னு கேளுங்க அக்கா. வழி இல்லைன்னா நீங்க தோண்டுங்க மாமா."

மாமா திரும்பவும் அலவாங்கை எடுத்தார். அவ கேட்டதை நான் அப்படியே சொல்லி முடிச்சேன். தவிசாளர் கேமராவைப் பாத்தார், குழியைப் பாத்தார், பின்னால நின்ன துணை மேயரம்மாவைப் பாத்தார். அந்தம்மா நல்ல ஒரு புன்சிரிப்போட, "எங்க ஊர்ல நகரசபையே தீர்மானம் எடுத்துரும்"னு காலையில சொன்னதையே திரும்பச் சொன்னாங்க. நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

"கேட்டைக் கழட்டு"ன்னார் தவிசாளர். அதையும் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். கல்லைத் தூக்கின அதே பொடியன்மாரு, இப்ப சபை உத்தரவுல, கேட்டைக் கீலோட கழட்டித் தூக்கி ஓரத்துல ரப்பர் மரத்துல சாத்தி வச்சாங்க. எவன் மேலயும் கேஸ் இல்ல. இப்பவும் அங்கதான் சாஞ்சு கெடக்கு, போன மாசம் அந்தப் பக்கம் போறப்ப பாத்தேன்.

பேராசிரியரோட அறிக்கை பிறகு வந்துச்சு. பல அடுக்கு அதிகாரங்கள் ஒருங்கிணைஞ்சு செயல்பட்டதுக்கு நல்ல உதாரணம்னு நம்ம நாட்டுக்கு ஒரு பத்தி. அதைத் தமிழாக்கம் பண்ணினதும் நான்தான். அதுல செல்வராணி பேர் இல்ல, அலவாங்கும் இல்ல. ஒருங்கிணைஞ்சாங்கங்கிறது மட்டும் உண்மை.

அன்னிக்கு நடந்ததுல கடைசித் துண்டு ஒண்ணு இருக்கு. பாடையைத் தூக்கினாங்க, தப்பு அடிச்சாங்க, ஆம்பளைங்க எல்லாரும் உள்ள போனாங்க. சில்ஹெட்டுக்காரர் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு அவங்களோட போயிட்டார், ஒரு பக்கம் தோள் குடுத்தார்னு அப்பறம் கேள்விப்பட்டேன். பொம்பளைங்க கேட் இருந்த எடத்தோட நின்னுட்டோம். அந்தப் பாதையைத் திறந்தவளும் அதுக்கு மேல ஒரு அடி வைக்கல. பாடை வளைவுல மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. அப்பறம் என் கையைப் பிடிச்சா, அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"அக்கா, நேத்துல இருந்து இந்தக் கேட்டுக்கே அலைஞ்சேன். எங்கப்பா போயிட்டாரு அக்கா. நான் இன்னும் அழவே இல்ல."

சொல்லிட்டு அந்தத் தோண்டின மண்ணுலயே உட்கார்ந்துட்டா. மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. பொம்பளைங்க எல்லாரும் அவளைக் கட்டிக்கிட்டாங்க, நானும்தான். வேலையில இருக்கிறவ அப்படிச் செய்யக் கூடாது, செஞ்சேன்.

பேராசிரியர் பக்கத்துல வந்து குனிஞ்சார், நல்ல மனுசன்தான், கண்ணு கலங்கி இருந்துச்சு. "என்ன சொல்றாங்க? சபைக்கு நன்றி சொல்றாங்களா?"ன்னு கேட்டார்.

"இல்ல சார்"னேன். "அப்பாவுக்காக அழுறா. இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு."